மறியலுக்குப் போகாதவள்

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காற்றுதான் மேலேயே நின்றுகொண்டு, கீழே இறங்குவேனா என்று அடம்பிடித்தது. குருபாக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை இறுக்கிய வெள்ளைப் பட்டையை ஒரு விரலால் நெம்பிப் பார்த்தாள். பட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டு, கோட்டுக்கு மேல் கறுப்பு கவுன், சித்திரை வெயிலில் ஆளைக் கம்பளியில் சுருட்டி மூலையில் சாத்திவைத்த மாதிரி இருந்தது. கவுன் அவளுடையது இல்லை. மதுரையில் அவளைத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிற சீனியர் வக்கீலம்மா கொடுத்துவிட்டது. அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை, அந்த வாசத்துக்கு அடியில் அந்தம்மாளின் பவுடர் வாசம், அதற்கும் அடியில் வேர்வை, எத்தனை கோர்ட்டில் நின்று வேர்த்த வேர்வையோ, அதற்குள்ளேதான் இப்போது நாமும் வேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். நினைத்ததும் காலையில் முனீஸ்வரி சொன்னது திரும்பவும் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது. மேடையைப் பார்ப்போம். மேடையில் நாலு பெரிய நாற்காலி, மேசைக்குப் போட்ட பச்சைத் துணி, தண்ணீர் பாட்டில்கள். கீழே மண்டபம் நிறைய வெள்ளையும் கறுப்புமாகப் பிள்ளைகள், பாதிப்பேர் இன்னும் மீசை சரியாக முளைக்காதவர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள், சொல்லி முடித்த நிமிசத்திலிருந்து வக்கீல். அவ்வளவுதான். வாயைத் திறந்து நாலு வரி சொல்லவேண்டியதுதான் பாக்கி. பக்கத்து நாற்காலிப் பெண் மதுவந்தி, வக்கீல் வீட்டுப் பிள்ளை, பயமென்றால் என்னவென்று தெரியாத முகம், இவள் பக்கம் சாய்ந்து பட்டையை இழுத்து நேராக்கிவிட்டாள். "ஆன்ட்டி, உங்க பேண்டு கோணியிருக்கு. போட்டோ எடுப்பாங்க." "எடுக்கட்டும்மா, மூஞ்சி கோணாம இருந்தாச் சரி." மதுவந்தி சிரித்துவிட்டுச் சொன்னாள், "மொதல்ல ஒரு சார் மைக்ல வந்து கேப்பாரு ஆன்ட்டி. யார் மேலயாவது கேஸ் இருக்கா, யாராவது வேலையில இருக்கீங்களா, இருந்தா இப்பவே சொல்லிடுங்கன்னு. சும்மா ஒரு முறைக்குத்தான். இருக்கிறவன் எந்திரிச்சு நின்னு சொல்லுவானா?" சொல்லமாட்டான்தான். குருபாக்கியம் தலையை ஆட்டினாள். தலை ஆடியது, கழுத்துக்குக் கீழே ஒன்றும் ஆடவில்லை.

காலையில் நடந்தது இதுதான். முனீஸ்வரி அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இவள் வக்கீலாவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ராத்திரி பஸ்ஸேறி, தூக்குவாளியில் புளியோதரையோடு வந்து இறங்கியிருந்தாள். மெட்ராசில் இந்த வளாகத்துக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டு, கறுப்புக் கோட்டும் கையுமாகப் போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்து, "என்னக்கா இது, காக்கா மாநாடு மாதிரி இருக்கு" என்றாள். கடைக்காரரே சிரித்தார். அப்புறம் டீயை ஊதிக்கொண்டே, உப்பு வாங்கிவந்ததைச் சொல்வது போல, "ஒனக்குச் சொல்ல மறந்தே போனேன், போன வாரம் ஒன்னயத் தேடிப் போலீஸ்காரரு வந்தாரு" என்றாள். "என்னயவா? என்னத்துக்கு?" "அந்தத் தண்ணி மறியல் கேசுதான். கோர்ட்டுல எடுத்துட்டாங்களாம். குருபாக்கியத்த வரச் சொல்லு, தேதி சொல்லி அனுப்புவோம்னாரு. நாஞ் சொன்னேன், அவுக மெட்ராசுல வக்கீலாகப் போறாக, இனிமே நீங்கதான் அவுகட்டத் தேதி வாங்கணும்னு. மனுசன் சிரிச்சிட்டாரு." குருபாக்கியத்துக்கு டீ கிளாஸ் சுடுவது அப்போதுதான் தெரிந்தது. "நான் எங்கடி மறியலுக்கு வந்தேன்? அன்னைக்கு நான் மதுரையில பரிச்சை எழுதிக்கிட்டிருந்தேன்." "நீ எங்க வந்த, நாந்தான போனேன்." சொல்லிவிட்டு முனீஸ்வரி கடைவாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டாள், களவாகப் பலகாரம் எடுத்துத் தின்ற பிள்ளை மாதிரி. "எல்லாத்தையும் வேன்ல ஏத்திக் கொண்டுபோயி கல்யாண மண்டபத்துல உக்காத்தி வச்சாங்க. பேரு கேட்டாங்க. எம் பேரச் சொன்னா நல்லாவா இருக்கும்? ஒங் கொழுந்தன் பஞ்சாயத்துத் தலைவரு கூடவே சுத்துற ஆளு, பொண்டாட்டி அவருக்கு எதிரா ரோட்டுல உக்காந்தான்னா வீடு ரெண்டாயிரும். அதான் ஒம் பேரச் சொன்னேன். சட்டம் படிக்கிற பேரு, எழுதுறவனுக்கும் கொஞ்சம் பயமிருக்குமில்ல. சாயங்காலம் விட்ருவாங்க, சும்மா எழுதிக்கிடுறதுன்னுதான் அம்புட்டுப் பேரும் சொன்னாங்க. ஆனா இதக் கேளு, புருசன் பேரு என்னன்னாரு. மூத்தாரு பேர நான் எப்பிடி வாயால சொல்ல? பக்கத்துல இருந்த சீனியம்மாவச் சொல்லச் சொன்னேன். அவ சொன்னா, அழகர்ராஜுன்னு. எழுதிக்கிட்டாங்க." பொய்ப் பேர் சொல்லக் கூசாத வாய், புருசனின் அண்ணன் பேரைச் சொல்லக் கூசியிருக்கிறது. அந்த இடத்தில் குருபாக்கியத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாளா? சிரித்தாள். வளாகத்துக் கேட்டில் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், முனீஸ்வரி முந்தானையால் இவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "போக்கா, போயி ஆயிட்டு வா" என்று தள்ளிவிட்டாள்.

ஆயிட்டு வா. எப்படி ஆவது. குருபாக்கியம் மேடையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை வெறித்தாள். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது, உங்கள் பேரில் குற்ற வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதுரை வாடகை வீட்டு விலாசம் கொடுத்திருந்ததால் அந்த ஸ்டேசன்காரர்தான் வந்து விசாரித்தார், அக்கம்பக்கத்தில் கேட்டார், நல்ல பொம்பளை என்று எழுதிக்கொண்டு போனார். ஊர் ஸ்டேசனை யார் கேட்டார்கள். எழுதின அன்றைக்கு அது உண்மை. பொய் சொல்கிறோம் என்று அவள் மனசுக்கு ஒரு துளி தெரியாது. டீ குடிக்கிறவரைக்கும் உண்மையாக இருந்தது, டீ குடித்து முடித்ததும் பொய்யாகிவிட்டது. அப்படியும் நடக்குமா? எழுதினது எழுதினபடிதானே இருக்கிறது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லையே. சரி, தெரியாத மாதிரியே இருந்துவிட்டால்? முனீஸ்வரி இன்றைக்கு வந்திருக்காவிட்டால் தெரிந்திருக்காது. பஸ் பஞ்சராகியிருந்தால் தெரிந்திருக்காது. டீ இன்னும் கொஞ்சம் சூடாக இருந்திருந்தால், ஊதிக் குடிக்கிற நேரத்தில் கேட்டில் கூப்பிட்டிருப்பார்கள், தெரிந்திருக்காது. பேசாமல் நாலு வரியைச் சொல்லிவிட்டு வெளியே போகலாம். போனபிறகு? நாளைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குருபாக்கியம், குருபாக்கியம், குருபாக்கியம் என்று மூன்று தரம் கூப்பிடுவார்கள். கறுப்பு கவுனோடு வக்கீல்கள் பக்கம் நின்றுகொண்டு, கூண்டுப் பக்கம் தன் பேரைக் கூப்பிடுவதைக் கேட்பதா? எவனாவது ஒருவன் எழுதிப் போட்டால் போதும், வழக்கை மறைத்து வக்கீலானாள் என்று பேரையே அடித்துவிடுவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. சரி, நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லலாமே. அதற்குச் சாட்சி வேறு வேண்டுமா, சொத்துரிமை மாற்றுச் சட்டப் பரிச்சை, மதுரை, வருகைத் தாளில் கையெழுத்து, ஆள் பார்த்து நம்பர் பார்த்து எழுதவிட்ட பரிச்சை. அதைவிடக் கெட்டியான சாட்சி உலகத்தில் இல்லை. அவள் அங்கே இல்லை, மதுரையில் இருந்தாள், தீர்ந்தது. தீரவில்லையே. அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கிறது, நீ இல்லையென்றால் அங்கே உன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். அந்தப் பதில் வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போலீசிடம் ஆள் மாறிப் பேர் சொன்னால் அதற்குத் தனியாக ஒரு பிரிவு, மறியலைவிடப் பெரிய பிரிவு. அந்தப் பிரிவின் நம்பர்கூட இவளுக்குத் தெரியும். படித்ததினால் வந்த வினை, இல்லாவிட்டால் பயப்படாமலாவது இருந்திருக்கலாம்.

பட்டையை மறுபடி நெம்பினாள். காலர் வைத்த ரவிக்கைக்குள் வேர்வை ஓடி முதுகில் இறங்கியது, கோட்டுக்குள் கைவிட்டுச் சொறியவும் முடியாது. முன்னாலிருந்த பையன் செல்போனில் தன் முகத்தைப் பார்த்து மயிரை ஒதுக்கிக்கொண்டான். முனீஸ்வரியைத் திட்ட வேண்டும், நாலு அறை விட வேண்டும், என்ன காரியம் பண்ணிவைத்தாய் மூதேவி என்று கேட்க வேண்டும். ஆனால் திட்டத் தொடங்கினாலே வேறொன்று வந்து குறுக்கே விழுகிறது. இவள் புத்தகத்தோடு மதுரையில் கிடந்த வருசமெல்லாம் இவளுடைய ரெண்டு பிள்ளைகளுக்கும் தலைவாரிவிட்டது யார்? சின்னவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது யார்? அழகர்ராஜ் லாரியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். மாமியார், "மூத்தவ படிக்கப் போயிட்டா, சின்னவளுக்குக் கொடுப்பினை, ரெண்டு வீட்டு வேலை" என்று கொட்டியபோது, "படிக்கட்டும் அத்தை, நம்ம வீட்டுல ஒருத்தியாவது கைகால் அலுங்காமச் சம்பாதிக்கட்டும்" என்று சொன்னவள் முனீஸ்வரிதான். அதில் ஒரு குத்தல் இருந்ததா? இருந்திருக்கும். இருந்தாலும் சோறு போட்டாளே. அப்படியென்றால் அந்த மறியலும் அதில் சேர்த்திதானா? இவள் வீட்டுக்குமான தண்ணிக்குத்தானே அவள் போய் உட்கார்ந்தாள். இவள் ஊரில் இருந்திருந்தால் இவள்தானே போயிருப்பாள், முனீஸ்வரியை முந்திக்கொண்டு முதல் வரிசையில் போயிருப்பாள். போயிருந்தால் தன் பேரைத்தான் சொல்லியிருப்பாள். அப்போது இதே கேஸ், இதே பேர், இதே மண்டபம். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. யோசிக்காமல் பார்த்தால் எல்லாம் மாறிவிட்டது. என்ன யோசனை இது, மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி, சுற்றிச் சுற்றி அதே இடம். இந்த நாற்காலியில் வந்து உட்காருவதற்கு என்னவெல்லாம் கேட்டார்கள். பத்தாவதோடு கல்யாணமாகிப் போனவளிடம் ஒருவர், நேரே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்றார். நல்லவேளை, இன்னொருவர் சொன்னார், பன்னெண்டாவது இல்லாத பட்டத்தை வக்கீல் படிப்புக்கு ஏற்கமாட்டார்கள், பத்து, பன்னெண்டு, பட்டம் என்று படி தாண்டாமல் ஏறி வரணும் என்று. பெரியவன் மூன்றாவது படிக்கும்போது இவள் பன்னெண்டாவது எழுதினாள், தனித்தேர்வராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. மேற்பார்வைக்கு வந்த டீச்சர், "பிள்ளைய விட்டுட்டு வெளிய போங்கம்மா" என்றாள். அப்புறம் பட்டம், அப்புறம் சட்டம். கடைசியாக வேறு வேலை எதிலும் இருக்கக்கூடாது என்றார்கள், படிக்கிற வருசமெல்லாம் சம்பளமில்லாத லீவில் வைத்திருந்த அங்கன்வாடி வேலையைப் போன மாசம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதிகாரி அம்மா, "நல்லா யோசிச்சியா பாக்கியம், திரும்பிக் கேட்டாக் கிடைக்காது" என்றாள். இவள் வாய் நிறைய, "திரும்ப மாட்டேன் மேடம்" என்றாள். அந்த வாயை என்ன செய்ய. பின்னாலே அங்கன்வாடிக் கதவு சாத்தியாகிவிட்டது, முன்னாலே இந்தக் கதவு. நடுவில் இந்த நாற்காலி, அதற்குக் கைப்பிடிகூட இல்லை.

மைக்கை யாரோ தட்டினார்கள். மதுவந்தி இவள் முழங்கையை இடித்து, "சொன்னேன்ல, இவர்தான்" என்றாள். முழுக்கைச் சட்டை போட்ட வயசாளி ஒருவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமலே பேசினார். இப்படி எத்தனை கூட்டத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின குரல். "வேலையில இருக்கிறவங்க யாராவது விலகாம வந்திருந்தா எந்திரிச்சிருங்க. கிரிமினல் கேஸ் நிலுவையில இருக்கிறவங்க எந்திரிச்சிருங்க. இப்பச் சொன்னா ஃபைலை ஓரமா வைப்போம், கேஸ் முடிச்சிட்டு வரலாம். பின்னால தெரிஞ்சா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. உறுதிமொழி எடுத்துட்டுப் பொய் ஆகிறத விட இது நல்லது." மண்டபம் அடங்கியது. அந்த அடக்கத்தில்தான் மின்விசிறி இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. யாரும் எழவில்லை. எழமாட்டார்கள், சும்மா ஒரு முறைக்குத்தானே. குருபாக்கியம் தன் கால் பெருவிரலைப் பார்த்தாள், மெட்டி தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவர் ஐந்து நிமிசம் நிற்பாரா, அரை நிமிசம் நிற்பாரா, காகிதத்தை மடித்தால் முடிந்தது, மடித்துவிடு சாமி, சீக்கிரம் மடித்துவிடு. பின்வரிசையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பினால், ஒல்லியாக ஒரு பையன் நிற்கிறான், கோட்டு அவனுக்கு ரெண்டு சுற்றுப் பெரிசு. "சார், எனக்கு ஒண்ணு இருக்கு சார். பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறு. எங்கப்பா பேரோட என் பேரையும் சேத்துட்டாங்க. சும்மா போட்ட கேஸ் சார்." "சும்மா போட்டாலும் கேஸ் கேஸ்தான் தம்பி. ஓரமா வாங்க." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "லூசுப் பய, தானா வாயக் குடுக்கிறான் பாரு" என்றான் முன்னாலிருந்த செல்போன்காரன். அந்தப் பையன் நாற்காலிகளுக்கு இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டு, சுவரோரமாகப் போனான். இவளைத் தாண்டும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அழுவான் என்று நினைத்தாள். அழவில்லை, பல் பிடுங்கிவிட்டு வருகிறவன் முகம் மாதிரி இருந்தது, வலியும் இருந்தது, விட்டது என்பதும் இருந்தது. அவனுக்கென்ன, சுவர்த் தகராறு, அவன் சொல்லிவிட்டான். நான் என்னத்தைச் சொல்ல? மறியலுக்குப் போனேன் என்றால் பொய். மறியலுக்குப் போகவில்லை என்றால் முனீஸ்வரி. கேஸ் இல்லை என்றாலும் பொய். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் ஒன்று பொய், இல்லாவிட்டால் ஆள் காட்டிக் கொடுப்பது. அப்படியானால் வாயைத் திறக்காமல் இரு. திறக்காமல் இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் திறந்துதானே ஆகவேண்டும், குருபாக்கியமாகிய நான் என்று தொடங்கித்தானே ஆகவேண்டும். குருபாக்கியமாகிய நான். அந்தப் பேரில். அந்தப் பேரில் ஒரு கேஸ் இருக்கிறது. அது உண்மைதானே. போனாள் என்று சொல்லவேண்டாம், போகவில்லை என்று சொல்லவேண்டாம், யார் போனது என்றும் சொல்லவேண்டாம். பேரில் இருக்கிறது. அவ்வளவு மட்டும் சொன்னால் பொய்யும் இல்லை, எவளையும் இழுத்துவிட்டதும் இல்லை. இழுத்துவிட்டது தன்னை மட்டும். மைக்கில் பேசியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், காகிதத்தை மடித்தார், திரும்பினார். போகட்டும், திரும்பிவிட்டார், கடவுளே தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டே குருபாக்கியம் எழுந்து நின்றுவிட்டாள். யார் எழுப்பியது என்று அவளுக்கே விளங்கவில்லை. நாற்காலி பின்னால் சரிந்தது. "சார், என் பேர்ல ஒரு கேஸ் இருக்கு." மதுவந்தி இவள் கவுனைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, என்ன பண்றீங்க, உக்காருங்க ஆன்ட்டி." அந்தச் சின்னக் கையை மெல்ல எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு, குருபாக்கியம் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தாள். சாரி என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீஸ் சூப்பிரண்டு அம்மாள் இருந்தார், அவளுக்கு நேர் வயசுதான் இருக்கும், மூக்கில் ரெண்டு பக்கமும் மூக்குத்தி. சுவர்த் தகராறுப் பையனை அனுப்பிவிட்டு இவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா கேஸ்?" "தண்ணி கேட்டு ரோட்டு மறியல்." "அடக் கொடுமையே, இதுக்கா எந்திரிச்சீங்க." அவர் பேனாவை வைத்துவிட்டார். "எத்தனை பேரு மேல?" "ஊர்ல பாதிப் பொம்பளைங்க மேல மேடம்." "அப்ப இது சீக்கிரம் முடியாதும்மா. ஒருத்தி வந்தா ஒருத்தி வரமாட்டா, ஒருத்தி செத்துப் போவா, தேதி தேதியா இழுத்துக்கிட்டே போகும். நீங்களே வக்கீலுக்குப் படிச்சிருக்கீங்க, நான் சொல்லணுமா. உங்க கேஸை மட்டும் தனியாப் பிரிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. குத்தத்தை ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சுபோகும். இது ஒண்ணும் ஒழுக்கக்கேடான குத்தம் இல்ல, தீர்ப்பு நகலோட வாங்க, இங்க பதிவுக் கமிட்டி பாத்துக்கும்." குருபாக்கியம் கவுனைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டாள், "ஒத்துக்கிடணுமா மேடம்?" "ஆமா. மாஜிஸ்திரேட் கேப்பாரு, இந்தத் தேதியில இந்த இடத்துல ரோட்டுல உக்காந்து மறிச்சீங்களான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை. பண்ணதைத்தானே சொல்லப்போறீங்க." பண்ணதைத்தானே. வக்கீலாகப் பொய் சொல்லக்கூடாது என்று எழுந்தவளுக்கு, வக்கீலாவதற்கு ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கிறது, அதுவும் நீதிபதி முகத்துக்கு நேரே. பண்ணவில்லை என்ற உண்மையைச் சொன்னால் எத்தனை வருசம் இழுக்குமோ, யார் பேர் வெளியே வருமோ. குருபாக்கியத்துக்கு அந்த அறையிலும் ஒரு மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, அதன் காற்று நன்றாகவே கீழே இறங்கியது, அப்படியும் வேர்த்தது. "சரிங்க மேடம்" என்றாள். கதவைத் திறந்து வெளியே வரும்போது மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உறுதிமொழிக்குத் தங்கள் தங்கள் பேரைச் சொன்னார்கள். அத்தனை பேர்களும் ஒன்றோடொன்று மோதி, எதுவும் யாருடைய பேராகவும் கேட்கவில்லை, சந்தை இரைச்சல் மாதிரிதான் கேட்டது.

வேப்பமரத்தடியில் முனீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, "முடிஞ்சிருச்சாக்கா? அதுக்குள்ளயா? கறுப்பு அங்கிய ஏன் கழட்டுன, போட்டுக்கிட்டே வந்தா நானும் பாப்பேன்ல" என்றாள். குருபாக்கியம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலை அழுக்காகும் என்று முனீஸ்வரி பதறியதைக் கேட்காத மாதிரி சம்மணம் போட்டாள். "ஆகல முனீசு. அந்தக் கேசு முடியுறவரைக்கும் ஆக முடியாது." "எந்தக் கேசு?" "நீ போன கேசு." முனீஸ்வரியின் வாய் திறந்தபடியே நின்றது. சிரிப்பதா என்று அவள் முகம் ஒரு கணம் யோசித்தது, பிறகு அந்த யோசனையைக் கீழே போட்டுவிட்டது. "நான் போயிச் சொல்லிருதேன்க்கா. இப்பவே உள்ள போயி, எம் பேருதான்னு சொல்லிருதேன். ஒங் கொழுந்தன் என்னத்தையும் பண்ணட்டும்." "சொன்னா உன்னய வேற கேசுல பிடிச்சுப் போடுவாங்க. பேசாம உக்காரு." "அப்ப என்னக்கா செய்ய?" குருபாக்கியம் கழுத்துப் பட்டையை ஒருவழியாக அவிழ்த்து மடியில் வைத்தாள். கழுத்தில் சிவப்பாக வளையம் விழுந்திருந்தது. "ஜட்ஜு கேப்பாரு. நான் ஆமான்னு சொல்லப்போறேன், நாந்தான் உக்காந்தேன்னு. சொன்னா அதோட தீந்துரும். ஆனா ஆமான்னு சொல்லிட்டு, அடுத்து ஏதாவது கேட்டார்னா முழிக்கக்கூடாதுல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. ரோட்டுல நான் எங்க உக்காந்திருந்தேன்?"

முனீஸ்வரி தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கண்ணிலிருந்து வந்ததைத் தோளால் துடைத்துக்கொண்டாள். "சினிமாத் தியேட்டருக்கு எதுக்க, மேற்க பாத்து. பின்னால வரிசைதான், மொத வரிசைக்குப் போகப் பயமா இருந்துச்சு." "பக்கத்துல யாரு?" "இந்தப் பக்கம் சீனியம்மா. அந்தப் பக்கம் பால்காரரு சம்சாரம், அது பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு." "வெயிலா?" "வெயிலுன்னா வெயிலு, தாரு சேலையில ஒட்டுது." குருபாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அந்தத் தாரின் சூட்டைத் தொடையில் வாங்கப் பார்த்தாள், சீனியம்மாவின் தோள் இடிக்கிறதா என்று பார்த்தாள், எதிரே நிற்கிற பஸ்ஸின் முகத்தைப் பார்க்கப் பார்த்தாள். மண்டபத்திலிருந்து கைதட்டல் கேட்டது, முடிந்துவிட்டது போலிருக்கிறது. "எல்லாரும் கத்துனாங்களா?" "கத்துனாங்க. தண்ணி குடு, தண்ணி குடுன்னு." "நான் என்ன கத்துனேன்?"

முனீஸ்வரி குனிந்து, இவள் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீ கத்தலக்கா. கத்தணும்னுதான் வந்த. ஆனா உக்காந்ததும் ஒனக்குத் தொண்டை அடைச்சிருச்சு."